காசு வந்து சேர்ந்ததா?
சிறு வியாபாரத்துக்கு ஏற்ற கொடுப்பனவு முறையைத் தெரிவு செய்தல்

க.பொ.த. உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, தெல்தோட்டை

கடந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது எங்கள் வீட்டுத் தையல் மெஷின் நடுநிசி வரை ஓடிக்கொண்டிருந்தது. உம்மா அபாயா தைத்து விற்பவர். முன்பெல்லாம் அயல் வீட்டாருக்கு மட்டும் தைத்துக் கொடுத்தார். பிறகு நான் வட்ஸ்அப்பில் படங்களைப் போட ஆரம்பித்தேன். அக்குறணையிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஓடர்கள் வரத் தொடங்கின.

ஒரு நாள் புதிய வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு அபாயா கேட்டார். 13,000 ரூபாய். சிறிது நேரத்தில் வங்கிக்குக் காசு போட்டதாக ஸ்கிரீன்ஷொட் ஒன்று வந்தது. அதில் தொகை சரி, கணக்கு இலக்கம் சரி, பச்சை நிற அடையாளமும் இருந்தது. உம்மா அன்றே பார்சலை அனுப்பிவிட்டார். நான்கு நாட்களின் பின் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோது அந்தக் காசு வந்திருக்கவில்லை. அந்தத் தொலைபேசி இலக்கமும் அதற்குப் பின் வேலை செய்யவில்லை.

உம்மா அழவில்லை. துணி வாங்கிய கடனை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் யோசித்தார். அதைவிடப் பெரிய நட்டம் அடுத்த வாரம் வந்தது. நேர்மையாகக் காசு போட்ட ஓர் ஆசிரியையிடம் உம்மா இரண்டு மூன்று தடவை "காசு வந்த மாதிரித் தெரியல்ல" என்று கேட்டுவிட்டார். அவர் மனம் நொந்து போனார். "இனி எனக்கு இந்தப் போன் வியாபாரம் ஏலா மகள்" என்று உம்மா மெஷினை மூடி வைத்தார்.

கணக்கீடும் வணிகக் கல்வியும் படிக்கிற எனக்கு அது வெட்கமாக இருந்தது. உள்ளகக் கட்டுப்பாடு என்றால் என்ன என்ற கேள்விக்குப் பரீட்சையில் விடை எழுதுகிறேன். ஆனால் என் வீட்டு வியாபாரத்தில் காசு வந்ததா இல்லையா என்பதை அறிய ஒரு வழி இருக்கவில்லை. அன்றிலிருந்து தேடியும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நம் தாய்மாரில் எத்தனையோ பேர் வீட்டிலிருந்து கேக், பலகாரம், தையல், மருதாணி என்று உழைக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதே என் ஆசை.

ஒரு கொடுப்பனவில் என்ன நடக்கிறது?

நோட்டைக் கையில் கொடுத்தால் எல்லாம் ஒரே கணத்தில் முடிந்துவிடுகிறது. மின்னணுக் கொடுப்பனவில் மூன்று படிகள் இருக்கின்றன. முதலாவது, வாங்குபவர் தன் வங்கிக்குக் கொடுக்கும் கட்டளை. இரண்டாவது, அக்கட்டளை ஏற்கப்பட்டது என்ற உறுதிப்படுத்தல். மூன்றாவது, காசு உண்மையாகவே விற்பவரின் கணக்கில் சேரும் தீர்ப்பனவு.

ஸ்கிரீன்ஷொட் என்பது முதலாவது படியைப் பற்றி வாங்குபவர் சொல்லும் ஒரு சொல் மட்டுமே. அதை மாற்றி வரையலாம், பழையதைத் திரும்ப அனுப்பலாம். விற்பவர் நம்ப வேண்டியது தன் சொந்த வங்கியிலிருந்து தனக்கு வரும் செய்தியைத்தான். எந்த முறையைத் தெரிவு செய்வதானாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: காசு வந்ததை எனக்குச் சொல்வது யார்? வாங்குபவரா, என் வங்கியா?

இந்த நம்பிக்கைப் பிரச்சினை புதியதல்ல. நம் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பியே வளர்ந்தது. 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுக்களை வைத்திருந்த மக்கள் கலங்கினார்கள். அன்றைய ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என அறிவித்தார். அதன் பிறகே இலங்கையில் நோட்டு வெளியிடும் வேலையை அரசாங்கம் தன் கையில் எடுத்தது. காகிதமோ கைத்தொலைபேசியோ, அதன் பின்னால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கடையில் வைக்கும் காசு மெஷினும் நம்பிக்கைக் குறைவிலேயே பிறந்தது. 1879 இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர், தன் கடை ஊழியர்கள் லாச்சியிலிருந்து காசு எடுப்பதைத் தடுக்கவே அதை உருவாக்கினார். இன்றைய விற்பனை முனைய மெஷின்கள் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

நம் நாட்டில் உள்ள வழிகள்

இலங்கையில் வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவுகளை இணைப்பது லங்காபே என்னும் நிறுவனம். 2002 இல் லங்காகிளியர் என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்ட இதில் மத்திய வங்கியும் ஏனைய வங்கிகளும் பங்குதாரர்கள். மேற்பார்வை செய்வது இலங்கை மத்திய வங்கி. 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல்தான் நாம் பயன்படுத்தும் வழிகள் இயங்குகின்றன.

முதலாவது, வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் காசு அனுப்புதல். 2015 இல் வந்த செப்ட்ஸ் என்னும் முறையால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில வினாடிகளில் காசு போய்ச் சேரும். விற்பவருக்குப் பொதுவாகக் கழிவு எதுவும் இல்லை. ஆனால் யார் எதற்காக அனுப்பினார் என்பதை நாமே தேடிப் பார்க்க வேண்டும். நம் கணக்கு இலக்கத்தையும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, லங்காகியூஆர். கட்டம் கட்டமான அந்தக் குறியீட்டை 1994 இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், கார் உதிரிப்பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக உருவாக்கியது. 2018 இல் நம் மத்திய வங்கி அதற்கு நாடு முழுவதற்கும் ஒரே தரத்தை வகுத்தது. அதனால் வாங்குபவர் எந்த வங்கியின் செயலியை வைத்திருந்தாலும் ஒரே அட்டையை ஸ்கேன் செய்யலாம். கடைக்கு மெஷின் தேவையில்லை. அச்சடித்த ஒரு தாள் போதும். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணிகள் தங்கள் நாட்டு யூபிஐ மூலமும் இங்கு செலுத்தலாம். கண்டி நகரில் கடை வைத்திருப்போருக்கு இது பயன்படும்.

மூன்றாவது, கார்ட் மெஷின். டெபிட், கிரெடிட் கார்ட்கள் இரண்டையும் ஏற்கும். இதற்கு வங்கியுடன் ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதத்தை வங்கி கழித்துக்கொள்ளும். சில வங்கிகள் மெஷினுக்கு மாத வாடகையும் கேட்கும்.

நான்காவது, கைத்தொலைபேசிக் காசு. 2012 இல் ஆரம்பித்த ஈசி கேஷ் போன்றவை இந்த வகை. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கும் இது உதவும்.

ஐந்தாவது, இணையக் கொடுப்பனவு நுழைவாயில். பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்நாட்டுச் சேவைகள் இவ்வகையின. வாங்குபவருக்கு ஓர் இணைப்பை அனுப்பினால் அவர் தன் கார்ட் விபரத்தை அந்த நுழைவாயிலின் பக்கத்தில் பதிவார். கார்ட் இலக்கம் விற்பவரின் கைக்கு வருவதே இல்லை. இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஆறாவது, பொருள் கையில் கிடைத்ததும் கூரியர்காரரிடம் காசு கொடுப்பது. வாங்குபவருக்கு இது பெரிய ஆறுதல். விற்பவருக்குத்தான் சோதனை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"இரண்டரை வீதம்தானே, சின்னத் தொகை" என்று பலர் நினைக்கிறார்கள். கழிவை விற்பனையோடு ஒப்பிட்டால் அது சின்னதுதான். இலாபத்தோடு ஒப்பிட வேண்டும். கீழே உள்ள வீதங்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. உங்கள் வங்கி சொல்லும் வீதத்தை அவ்விடத்தில் போட்டுப் பாருங்கள்.

வாப்பாவின் பலசரக்குக் கடையில் 1,000 ரூபாய்க்குச் சீனி, பருப்பு, மா விற்றால் 60 ரூபாய் மிஞ்சும் என வைப்போம். கார்ட் கழிவு 2.5 வீதம் என்றால் 25 ரூபாய் போய்விடும். மிச்சம் 35. கியூஆர் கழிவு 1 வீதம் என்றால் 10 ரூபாய் போகும். மிச்சம் 50. அதாவது கார்ட் மெஷின் பலசரக்குக் கடையின் இலாபத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

உம்மாவின் 6,500 ரூபாய் அபாயாவில் செலவு போக 1,500 மிஞ்சும் என வைப்போம். 3 வீதக் கழிவு 195 ரூபாய். அது இலாபத்தில் 13 வீதம். வலிக்கும், ஆனால் தாங்கலாம். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு வியாபாரங்களுக்கு ஒரே முறை பொருந்தாது.

வாடகை இன்னொரு கண்ணி. மாதம் 1,000 ரூபாய் வாடகை, 2.5 வீதக் கழிவு என்போம். கார்ட்டில் 20,000 ரூபாய் விற்றால் கழிவு 500, வாடகை 1,000, மொத்தம் 1,500. அது விற்பனையில் 7.5 வீதம். கார்ட்டில் 200,000 ரூபாய் விற்றால் மொத்தச் செலவு 6,000. அது 3 வீதம்தான். நிலையான செலவு, மாறும் செலவு என்று வகுப்பில் படிப்பது இதைத்தான்.

கூரியரில் காசு வாங்குவதற்கும் விலை உண்டு. ஒரு பார்சலுக்கு 400 ரூபாய் அனுப்பும் கட்டணம் என்போம். பத்துப் பார்சலில் இரண்டு "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தால் 800 ரூபாய் நம் தலையில். அது விற்றுப்போன எட்டுப் பார்சலுக்கும் தலா 100 ரூபாய்ச் சுமை. காசும் சில நாட்கள் கழித்தே கைக்கு வரும். அதற்குள் அடுத்த துணி வாங்கக் கையில் முதல் இருக்காது.

சில கடைகளில் கார்ட் நீட்டினால் இரண்டு மூன்று வீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். அது முறையல்ல. கழிவை வாடிக்கையாளர் மேல் சுமத்தக் கூடாது என்பது வணிகர் வங்கியோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே உண்டு; மத்திய வங்கியும் இதைப் பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. கழிவைத் தாங்க முடியாவிட்டால் அந்த முறையை எடுக்காமல் இருப்பதே நேர்மை.

தெரிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

வங்கிக்குப் போகுமுன் ஒரு கொப்பியில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்.

என் வாடிக்கையாளர் யார்? வாப்பாவின் கடைக்கு வருவோரில் பலர் தோட்டத்து மக்கள். மாதச் சம்பளம் வந்ததும் கொப்பிக் கணக்கைத் தீர்ப்பார்கள். அவர்களிடம் நோட்டுத்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கார்ட் மெஷின் வைப்பதில் பயனில்லை.

காசு எப்போது கணக்கில் சேரும்? அன்றா, மறுநாளா, இரண்டு மூன்று வேலை நாட்கள் கழித்தா? பெருநாள் விடுமுறையில் என்ன நடக்கும்?

மின்சாரமும் சிக்னலும் இல்லாவிட்டால்? 2022 மார்ச் மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. எங்கள் பக்கம் கடும் மழையென்றால் இன்றும் சிக்னல் போய்விடும். விற்பனைப் பதிவுக்கு மென்பொருள் வாங்கினால் அது இணையம் இல்லாமலும் பில் போடுமா, பொருட்களின் பெயரைத் தமிழிலும் பதியலாமா, தரவுக்குப் பிரதி வைக்கலாமா என்று பாருங்கள்.

வாங்குபவர் ஆட்சேபம் தெரிவித்தால்? கார்ட் கொடுப்பனவில் "பொருள் கிடைக்கவில்லை" என்று அவர் முறையிட்டால் வங்கி காசைத் திருப்பி எடுக்க முடியும். பார்சல் அனுப்பிய ரசீதை வைத்திருப்பவரே தன் பக்கத்தை நிரூபிக்கலாம்.

கணக்கு யாருடைய பெயரில்? இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஆரம்பத்தில் உம்மாவின் ஓடர்களுக்குரிய காசு நானாவின் கணக்குக்குத்தான் வந்தது. நானா நல்லவர்தான். ஆனாலும் தான் உழைத்த காசை உம்மா கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எவ்வளவு உழைத்தார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சொந்தப் பெயரில், சொந்த முதலில் வியாபாரம் செய்தவர்கள். பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்குரியது என்று நம் மார்க்கம் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை வங்கிக் கணக்கிலும் தெரிய வேண்டாமா?

இதற்குச் செய்ய வேண்டியது வியாபாரப் பெயரைப் பதிவதுதான். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் வணிகக் கணக்கு, கியூஆர், கார்ட் மெஷின் எல்லாவற்றுக்கும் வழி திறக்கும். கியூஆரை ஸ்கேன் செய்பவருக்கு வியாபாரத்தின் பெயர் தெரியும். கணக்கு இலக்கத்தை ஊரெல்லாம் அனுப்பும் தேவையும் குறையும்.

வட்டி பற்றிப் பெற்றோர் கேட்பதுண்டு. வணிகரிடம் வங்கி எடுக்கும் கழிவு சேவைக்கான கட்டணம். கிரெடிட் கார்ட் கடனைப் பிந்திக் கட்டினால் வரும் வட்டி, கார்ட் வைத்திருப்பவருக்கும் அவருடைய வங்கிக்கும் இடையிலானது. தவணை முறைத் திட்டங்களில் சேருமுன் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. 2011 இல் ஆரம்பித்த அமானா வங்கியிலும், வேறு வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளிலும் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதியும் நாட்டில் இருக்கிறது.

ஏமாறாமல் இருக்க

நம் வங்கியின் குறுஞ்செய்தி அல்லது செயலியில் காசைக் கண்ட பிறகே பொருளை அனுப்ப வேண்டும். வங்கியிலிருந்து வருவது போல வேறு இலக்கத்திலிருந்து வரும் குறுஞ்செய்தியையும் நம்பக் கூடாது. மீதியைத் திறந்து பார்க்க வேண்டும்.

காசு வாங்குவதற்கு ஓடிபி தேவையில்லை. "காசு அனுப்புகிறேன், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் அவர் காசு எடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

கடையில் ஒட்டிய கியூஆர் தாளின் மேல் வேறொருவர் தன் தாளை ஒட்டிவிடலாம். காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை நம் போனில் ஸ்கேன் செய்து பெயரைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஏமாற்றப்பட்டால் மறைக்காமல் உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்ல வேண்டும். 2006 ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும் 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் இதற்காகவே உள்ளன. உம்மா வெட்கத்தில் நான்கு நாள் வாப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. அந்த வெட்கம் ஏமாற்றியவருக்குத்தான் உதவியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய கணக்கை அன்றே எழுத வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. சூரா அல்பகராவின் 282 ஆவது வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. தொகை சிறிதென்று எழுதச் சோம்பியிருக்கலாகாது என்பதும் அதில் அடங்கும். வங்கி இணக்கக் கூற்று என்று நாம் படிக்கிற பாடத்தின் கருவும் இதுதான்: என் ஏடு சொல்வதும் வங்கி சொல்வதும் ஒத்துப் போகிறதா?

நாங்கள் தெரிவு செய்தது

வாப்பாவின் கடையில் நோட்டும் கொப்பியும் அப்படியே இருக்கின்றன. அதோடு கியூஆர் தாள் ஒன்றை வைத்தோம். கண்டியில் வேலை செய்து வாரக் கடைசியில் வரும் இளைஞர்களும் ஆசிரியர்களும் அதைப் பாவிக்கிறார்கள். கார்ட் மெஷின் எடுக்கவில்லை. எங்கள் விற்பனைக்கு அது கட்டாது.

உம்மாவின் வியாபாரத்துக்குத் தனிப் பெயர் பதிந்து, அவர் பெயரிலேயே கணக்குத் திறந்தோம். தெரிந்தவர்கள் கணக்குக்கு நேரே அனுப்புகிறார்கள். புதியவர்கள் பாதித் தொகையை முன்பணமாகச் செலுத்தி, மீதியைப் பார்சல் கிடைக்கும்போது கொடுக்கிறார்கள். முன்பணம் கட்டியவர் பார்சலைத் திருப்பி அனுப்புவது அரிது. நுழைவாயில் இணைப்பை ஓடர்கள் கூடும்போது பார்ப்போம் என்று விட்டிருக்கிறோம்.

ஓர் இரவு நான் படித்துக்கொண்டிருக்கும்போது உம்மாவின் போனில் குறுஞ்செய்திச் சத்தம் கேட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே வாசித்தார். பிறகு கொப்பியைத் திறந்து திகதி, பெயர், தொகை எழுதினார். "யார் உம்மா?" என்று கேட்டேன்.

மனம் நொந்து போன அந்த ஆசிரியைதான். தன் மகளுக்கும் சேர்த்து இரண்டு அபாயா கேட்டிருந்தார். உம்மா எதுவும் சொல்லாமல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மெஷினடிக்குப் போனார்.